ஆள் கேட்டால் ஆப் தருகிறார்கள்

தமிழ்நாடு அரசின் எந்தச் சுற்றறிக்கையை எடுத்தாலும் உச்சியில் ஒரு கோபுரம் நிற்கும். அது எங்கள் ஆண்டாள் கோயில் கோபுரம் என்று சொல்லித்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகளை வளர்க்கிறோம். மதுரைக்காரர்கள் தங்களுடையது என்பார்கள். 1949-ல் முத்திரை வரைந்த காலத்து வழக்கு அது, நடக்கட்டும். இப்போதைய பிரச்சினை கோபுரத்துக்குக் கீழே இருப்பது. சுகாதாரத் துறைக் கடிதம் என்றால் முதல் வரியில் ஒரு செயலியின் பெயர். நடுவில் ‘நூறு சதவீதம்’. கடைசியில் ‘தவறும் பட்சத்தில் ஒழுங்கு நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’. இடையில் எங்காவது ‘நோயாளி’ என்ற சொல் தட்டுப்பட்டால் அது தட்டச்சுப் பிழை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தச் சாலையில் மேற்கே திரும்பினால் மலை, கிழக்கே திரும்பினால் தறி. எந்தப் பக்கம் போனாலும் ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர். 5,000 பேருக்கு ஒருவர் என்பது விதி. ஊர்க்காரர்களுக்கு அவர் நர்சம்மா. மேலே இருப்பவர்களுக்கு அவர் ஒரு லாகின்.

ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தவுடன் நர்சம்மா அவளைப் பிக்மி என்ற அரசுத் தளத்தில் ஏற்ற வேண்டும். 12 இலக்க எண் ஒன்று விழும். அந்த எண் இல்லாவிட்டால் 2017 முதல் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாயும் நகராது. சரி, நல்ல காரியம். குழந்தை பிறந்து ஊசி போட்டால் அது யு-வின் என்று இன்னொரு தளம். பக்கத்துத் தெருவில் மூன்று பேருக்குக் காய்ச்சல் என்றால் ஐஹிப். அந்தத் தெருவில் இருமிக்கொண்டிருக்கும் பெரியவருக்குக் காசநோய் என்றால் நிக்‌ஷய். அவருக்கே சர்க்கரையும் இருந்துவிட்டால் (இருக்கும், எங்கள் பால்கோவா சும்மா விடாது) அதற்கு வேறு பதிவேடு. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி எச்எம்ஐஎஸ். இத்தனையும் முடித்த பிறகு அதே விவரத்தைப் பேனாவால் நோட்டிலும் எழுத வேண்டும், ஏனென்றால் ஆடிட்டுக்கு வருகிறவர் நோட்டைத்தான் கேட்பார். பெற்றவளுக்கு ஒரே பிரசவத்தோடு முடிந்தது. நர்சம்மா அதே குழந்தையை ஒவ்வொரு தளத்திலும் ஒரு முறை பெற்றாக வேண்டும். சர்வர் படுத்துவிட்டால் இரவு பன்னிரண்டு மணிக்கு எழுந்து பெற வேண்டும்.

பிக்மியைக் கேலி செய்வதால் பயனில்லை. கர்ப்பிணிகளைப் பெயர் சொல்லிப் பின்தொடரும் ஏற்பாடு உலகத்தில் எத்தனையோ இடத்தில் இன்னும் இல்லை. ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் மரணம் இந்தியாவில் 97 என்றிருந்த 2018–20 கணக்கில் தமிழ்நாட்டின் எண் 54. இந்த எண்ணை மேடைக்கு மேடை சொல்கிறார்கள், சொல்லட்டும். ஆனால் அதை எந்த சர்வரும் இறக்கவில்லை. வெயிலில் வீடு வீடாகப் போய், மாமியாரோடு சண்டை போட்டு, இரும்புச்சத்து மாத்திரையைக் கண்ணெதிரில் விழுங்க வைத்த பெண்கள் இறக்கினார்கள். அந்தப் பெண்களை இப்போது திண்ணையில் உட்காரவைத்து, போனைப் பார்த்துத் தலையைக் குனிந்திருக்கச் சொல்கிறார்கள். இது டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் வேலை, எங்கள் வேலை இல்லை என்று கிராம சுகாதார செவிலியர்கள் தெருவில் நின்று கோஷம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோஷத்தை ஏற்றுவதற்கு எந்தத் தளத்திலும் இடம் இல்லை.

மாலையில் ஆய்வுக் கூட்டம். வீடியோ கான்பரன்ஸ். நர்சம்மா பஸ் நிறுத்தத்தில் நின்றபடி ஒரு காதில் போனை வைத்திருக்கிறார்.

“சிஸ்டர், உங்க சப்-சென்டர் ரெட்ல காட்டுதே?”

“சார், பக்கத்து சப்-சென்டர் வேக்கன்ட் சார். ரெண்டையும் நான்தான் பாக்குறேன்.”

“அது தெரியும்மா. ஏன் ரெட்ல இருக்கு?”

“அங்க ஆள் இல்லாததாலதான் சார்.”

“ஆள் இல்லங்கிறதுக்கு இதுல கட்டம் கிடையாது. ரீசன்ல ‘மற்றவை’ன்னு போட்டு, நைட்டுக்குள்ள பச்சை ஆக்கிடுங்க. இல்லேன்னா மெமோ வரும், என்னைக் கேக்காதீங்க.”

இது என் கற்பனை. எந்த நர்சம்மாவிடம் வேண்டுமானாலும் படித்துக் காட்டுங்கள். இவ்வளவு மரியாதையாகவா பேசுவார்கள் என்று சிரிப்பார்.

சிவப்பைப் பச்சையாக்குவது எப்படி என்று யாரும் பயிற்சி கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கோவின் காலத்தில் இறந்துபோனவர்களுக்கும் தடுப்பூசி போட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது நினைவிருக்கிறதா? நாட்டின் பல மூலைகளிலும் வந்தது. ஊசி போட்ட கையைத் திட்டினோம். அந்தக் கைக்கு அன்றைய டார்கெட்டை நிர்ணயித்த கையை யாரும் பார்க்கவில்லை. பொய்யை மேலிருந்து ஆர்டர் போட்டு வாங்கிவிட்டு, தரம் சரியில்லை என்று கீழே இருப்பவர் மீது 17(பி) ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதுதான் நம் ஊர் நிர்வாகக் கலை.

ஆடிப்பூரத்துக்கு எங்கள் ஊர்த் தேர் நகர்வது வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கான கைகளால். நாளைக்கு ஒரு புத்திசாலி வந்து தேருக்கு ஜிபிஎஸ் மாட்டி, வடம் பிடிக்கிற ஆளைப் பாதியாகக் குறைத்து, தேர் ஏன் நிலைக்கு வரவில்லை என்று மீதிப்பேருக்கு நோட்டீஸ் விட்டால் ஊர் அவரைக் கையால் பேசிவிடும். மருத்துவமனை என்றால் அவருக்கு விருது கொடுத்து அனுப்புகிறோம்.

இனி ஓபி வரிசைக்கு வருவோம். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பர் 27 அன்று தொடங்கியது. ஒவ்வொரு இந்தியருக்கும் 14 இலக்க ஆபா எண். நோட்டீஸ் பலகையில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டியிருப்பார்கள், ஸ்கேன் செய்தால் டோக்கன் விழும், வரிசை இல்லை, காத்திருப்பு இல்லை. படத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் குடும்பத்தினர் எல்லோரிடமும் நல்ல போன் இருக்கிறது. நேரில் வருகிறவர் யார்? ராஜபாளையத்து மில்லில் முப்பது வருஷம் நூல் சுற்றிவிட்டு, சுகர் மாத்திரைக்கு வந்து நிற்கும் தாத்தா.

“போன் நம்பர் சொல்லுங்க தாத்தா.”

“நம்பரு பேரன்ட்ட இருக்கு தாயி. அவன் திருப்பூர்ல இருக்கான்.”

“அவனுக்கு ஓடிபி வரும், கேட்டுச் சொல்லுங்க.”

“அவன் ராத்திரி சிப்ட்டு. இப்பத் தூங்குவான்.”

தாத்தாவின் சர்க்கரை ராஜபாளையத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஓடிபி திருப்பூரில் தூங்குகிறது. பின்னால் இருப்பவர்கள் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் திட்டுகிறார்கள். ‘கவர்ன்மென்ட் சம்பளம் வாங்குறேல்ல?’ என்கிறார் ஒருவர். அவள் வாங்குவது அவுட்சோர்சிங் கம்பெனியின் சம்பளம், அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. ஆனாலும் மொத்தத் திட்டத்தின் முகமாக அங்கே கிடைப்பவள் அவள்தான். திட்டத்தை வடிவமைத்தவர் குளிரூட்டிய அறையில் இருக்கிறார், அவரைத் திட்டக் க்யூஆர் கோடு இல்லை.

மேற்கே, செண்பகத்தோப்புப் பக்கம் பளியர் குடியிருப்பு. மலை ஆரம்பிக்கிற இடத்தில் சிக்னல் முடியும். 2021-ல் அந்தக் காட்டை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். நல்லது. அங்கே புலியைக் கேமரா வைத்து எண்ணுகிறார்கள். அடிவாரத்தில் நர்சம்மாவை ஜிபிஎஸ் வைத்து எண்ணுகிறார்கள். புலியின் நிலைமை எவ்வளவோ மேல். அது காலை ஒன்பது மணிக்குக் கேமராவில் முகம் காட்டாவிட்டால் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

முகம் காட்டும் சமாச்சாரம் மருத்துவர்களுக்கும் வந்துவிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் 2025 மே 1 முதல் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆதார் வழி முகப்பதிவு வருகையைக் கட்டாயமாக்கியது. கல்லூரி வளாகத்துக்குள் நின்று போனில் முகம் காட்ட வேண்டும். எங்கள் மாவட்டத்து விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் இதுதான் சட்டம். 2022 ஜனவரி 12-ல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. பிரதமர் காணொலியில் திறந்தார். திறப்பவர் தில்லியில் இருக்கலாம், சொல்லிக்கொடுப்பவர் மட்டும் வளாகத்துக்குள் இருக்க வேண்டும். வராத பேராசிரியரை வந்ததாகக் காட்டும் தனியார் கல்லூரிகளின் தில்லுமுல்லைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். பிடிக்கட்டும், வரவேற்கிறேன். ஆனால் கேமராவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, இருக்கிற முகத்தோடு இல்லாத முகத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். 2025-ல் தமிழ்நாட்டின் 36 அரசு மருத்துவக் கல்லூரிகளில் 34-க்கு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஆசிரியர் பற்றாக்குறை, வருகைக் குறைபாடு. அதாவது, காலியிடம் இருக்கிறது என்று சங்கங்கள் வருடக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியதை ஒரு மென்பொருள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. உடனே பணி நியமன ஆணைகள் பறந்திருக்கும் என்று நினைப்பீர்கள். பறந்தவை விளக்கக் கடிதங்கள். நோட்டீஸுக்குக் கல்லூரி முதல்வர்கள் பதில் எழுதினார்கள், கோட்டையில் அமைச்சர் ‘கவலைப்பட ஒன்றுமில்லை’ ரகத்தில் பேசினார், மறுநாள் காலை இருக்கிற டாக்டர்கள் மறுபடி முகத்தைக் காட்டிவிட்டு, இல்லாத டாக்டரின் ஓபியையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

அளக்கத் தெரியும். அளந்ததைப் படிக்கவும் தெரியும். அளந்து தெரிந்ததற்குக் காசு செலவழிக்க மட்டும் மனசு வராது.

காசு என்றதும் நினைவுக்கு வருகிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் ஆயிரக்கணக்கான செவிலியர்களைப் பரீட்சை வைத்து எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். இரண்டு வருடம் கழிந்த 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் கைக்குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் தட்டைத் தட்டினோம், மே மாதம் விமானப்படை ஹெலிகாப்டரிலிருந்து மருத்துவமனைகள் மேல் பூத்தூவியது. அந்தச் சமயத்தில் எடுத்த ஒப்பந்தச் செவிலியர்களில் 2,300-க்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ‘பணிநீட்டிப்பு இல்லை’ என்று வெளியே அனுப்பினார்கள். புத்தாண்டு வாழ்த்து. வேலைக்கு வைத்திருந்த காலத்தில் அவர்கள் போட்ட ஒவ்வொரு ஊசியும் சர்வரில் பத்திரமாக இருக்கிறது. ஊசி போட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்குப் பதிவு இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கி, ஐ.நா. வரை போய் விருது வாங்கி வந்திருக்கிறது. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் திட்டம். மில்லில் இடுப்பு ஒடிந்த தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நேரில் பார்த்திருக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண். அவருக்குப் பெயர் ‘தன்னார்வலர்’. மாதம் சில ஆயிரம் ஊக்கத்தொகை. காலையில் வந்தாக வேண்டும், கணக்கு கொடுத்தாக வேண்டும், ஆப்பில் ஏற்றியாக வேண்டும், ஆர்வம் மட்டும் தன்னுடையதாக இருக்க வேண்டும். சம்பளம் கேட்கும்போது தன்னார்வலர், டார்கெட் கேட்கும்போது ஊழியர்.

எங்கள் பகுதி இந்த விஷயத்தில் ஒன்றும் பின்தங்கியதல்ல என்பதுதான் வயிற்றெரிச்சல். ராஜபாளையத்தில் வேர்விட்ட ராம்கோ குழுமத்தின் மென்பொருள் நிறுவனம் பல நாட்டுக் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக்கொடுக்கிறது. எந்த தேசத்து ஊழியருக்கு எத்தனை மணி நேர ஓவர்டைம், எவ்வளவு பிடித்தம் என்று கணக்கிடும் தொழில்நுட்பத்துக்கு எங்கள் மண்ணின் வாசனை உண்டு. பக்கத்திலேயே சத்திரப்பட்டி, விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்து நாடெங்கும் அனுப்புகிற ஊர். புண்ணுக்குக் கட்டவும் தெரியும், கூலியைக் கணக்கிடவும் தெரியும். அந்த ஊரின் நர்சம்மாவுடைய இரவு பன்னிரண்டு மணி என்ட்ரியை ஓவர்டைம் என்று கணக்கில் எடுக்க மட்டும் ஒரு மென்பொருளும் பிறக்கவில்லை.

தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே செவிலியர் உடுப்பில் இருக்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டு மணி நேர டூட்டி. ஊசி போடுவாள், இன்சூரன்ஸ் பேப்பரை ஸ்கேன் செய்வாள், பில்லும் அடிப்பாள். பில் போடும் மென்பொருள் மட்டும் ஒருநாளும் படுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

கணினியே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் சிவகாசியில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாடு முழுதும் ரத்த வங்கிகளை இணைக்கும் இ-ரக்த்கோஷ் தளத்தை மத்திய அரசு 2016 ஏப்ரலில் தொடங்கியது. அதே 2016-ல் ஓர் இளைஞர் முகாமில் ரத்தம் கொடுத்தார். பரிசோதனையில் எச்ஐவி இருப்பது தெரிந்தது. செய்தி அவரைப் போய்ச் சேரவில்லை. 2018 நவம்பர் இறுதியில் அவர் உறவினருக்காக மறுபடி சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் கொடுத்தார். அந்த ரத்தம் பரிசோதனையைத் தாண்டி, டிசம்பர் தொடக்கத்தில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணியின் உடம்பில் ஏறியது. வெளிநாட்டு வேலைக்காக வேறு இடத்தில் சோதித்தபோதுதான் அந்த இளைஞருக்கே விஷயம் தெரிந்தது. ஓடிவந்து சொன்னவரும் அவரே. அந்த மாதம் முடிவதற்குள் அவர் உயிரோடு இல்லை. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

இங்கேதான் கணினி வேண்டும். ஒரு பெயர், ஒரு சிவப்பு எச்சரிக்கை, ‘இவரிடம் எடுக்காதே’ என்று ஒரு வரி. கூடவே, 2016-லேயே அவரைத் தேடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்லி, மாத்திரைக்கு அழைத்துவர நேரமுள்ள ஓர் ஆள். விவரம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நடக்கக் கால் இல்லை. அரசு எடுத்த நடவடிக்கை என்ன? ஆய்வகப் பணியாளர்கள் மீது. தவறு செய்தவரை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் விசாரணை ஏணியில் மேலே ஏறும்போது அதற்கு ஏன் எப்போதும் இரண்டாவது படியில் மூச்சு வாங்குகிறது? அத்தனை ரத்தப் பைக்கு எத்தனை டெக்னீசியன், அவர்களை யார் மேற்பார்த்தது, 2018 வரை அந்த முடிவு எந்த அலமாரியில் கிடந்தது, அந்த அலமாரிக்கு யார் பொறுப்பு? இதற்கெல்லாம் ஏன் டேஷ்போர்டு இல்லை? நர்சம்மா எந்தத் தெருமுனையில் எத்தனை நிமிஷம் நின்றாள் என்று கோட்டையிலிருந்து பார்க்கத் தெரிந்த துறைக்கு, விஷமான ரத்தம் சிவகாசியிலிருந்து சாத்தூர் போவதைப் பார்க்கத் தெரியவில்லை. கண்காணிப்புக் கருவி சம்பளம் குறைந்தவரைப் பார்த்தே பொருத்தப்பட்டிருக்கிறது. நோயாளியைக் காப்பாற்றும் பக்கமாக அதைத் திருப்பச் சொன்னால் நிதி இல்லை.

பணக்கார நாட்டிலும் இந்தக் கூத்து உண்டு. அமெரிக்க மருத்துவர்கள் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினியோடும் மேசையோடும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் செலவிடுகிறார்கள் என்று 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. அங்கே பலர் தட்டச்சு செய்யத் தனி ஆள் வைத்துக்கொண்டார்கள். நாம் தட்டச்சு வேலைக்கு நர்ஸை வைத்துக்கொண்டோம். 2022 நவம்பர் 23-ல் தில்லி எய்ம்ஸின் சர்வர்களை இணையத் திருடர்கள் முடக்கியபோது, நாட்டின் முதன்மை மருத்துவமனை கிட்டத்தட்ட இரண்டு வாரம் பேனாவும் பேப்பரும் வைத்து ஓடியது. ஓட்டியவர்கள் யார்? தினமும் முகம் காட்டச் சொல்லி நம்பாமல் வைத்திருக்கிறோமே, அதே ஊழியர்கள்.

செவிலியர் கவுன்சிலின் பழைய விதி, சாதாரண மருத்துவமனைப் பொது வார்டில் 5 படுக்கைக்கு ஒரு செவிலியர். எந்த அரசு மருத்துவமனைக்கும் இரவு பத்து மணிக்குப் போய் எண்ணிப் பாருங்கள். எண்ணுவதற்கு ஆப் வேண்டாம், ஒரு கை விரல் மிச்சமாகும்.

ஆகவே சுகாதாரத் துறையின் மேல்மட்டத்துக்காக ஒரு பணியிட அறிவிப்பை நானே தயாரித்திருக்கிறேன். இடம்: ராஜபாளையம் வட்டாரத்தில் ஏதாவது ஒரு துணை சுகாதார நிலையம், பக்கத்துக் காலியிடத்தின் கூடுதல் பொறுப்போடு. நாள்: புதன்கிழமை, தடுப்பூசி நாள். தகுதி: இதுவரை ஒரு செயலியையாவது கட்டாயமாக்கி உத்தரவில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். விண்ணப்பதாரர் அழுகிற குழந்தையைத் தொடையில் கிடத்தி ஊசி போட்டபடி, தாயின் ஆதார் எண், ஓடிபி, 12 இலக்க எண், 14 இலக்க எண் எல்லாவற்றையும் சொந்தப் போனில் ஏற்ற வேண்டும். ரீசார்ஜ் சொந்தக் காசு. மதியம் செண்பகத்தோப்புப் பக்கம் போய்வர வேண்டும், பயணப்படி பட்டியல் நிலுவையில் வைக்கப்படும். மாலை ஐந்து மணிக்கு வீடியோ கான்பரன்ஸில் ஏன் ரெட்ல இருக்கு என்று கேட்கப்படும், பதிலுக்குப் பதினைந்து விநாடி. ஊதியம் தொகுப்பூதியம், பணிநீட்டிப்புக்கு உத்தரவாதம் இல்லை. நேரில் வருக. காணொலி விண்ணப்பங்கள் ஏற்கப்பட மாட்டா.